மேலே பாரம் வைக்காதீர்கள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். அம்மாவும் நலம்தான், ஆனால் அவள் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். கேட்டால் முழங்காலில் தொடங்கி மேலே போவாள். நீ போனில் கூப்பிடும்போதெல்லாம் அவளே பேசி முடித்துவிடுகிறாள். என் முறை வரும்போது "சாப்டியா" என்று கேட்கத்தான் நேரம் மிச்சம் இருக்கிறது. காலமெல்லாம் அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதைப் பிழை திருத்தியவனுக்கு, சொந்தமாக நாலு வரி எழுதினால்தான் பேசியது போல இருக்கிறது. ஆகவே கடிதம்.

நீ அனுப்பிய வாஷிங் மெஷின் வந்து சேர்ந்தது. இறக்க நாலு பேர் வந்தார்கள், வேடிக்கை பார்க்கத் தெருவே வந்தது. அட்டைப்பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் பழசாகிவிடும் என்பது அம்மாவின் கட்சி. உனக்குக் கல்யாணமாகி, வருகிறவள் தன் கையால் பிரிக்க வேண்டுமாம். வருகிறவள் யார் என்று தெரியாது, அவள் துணி துவைப்பாளா என்றும் தெரியாது, ஆனால் அவளுடைய மெஷின் தயார். தவிர, நம் தெருக் குழாயில் தண்ணீர் வருகிற வேகத்துக்கு அது ஒரு குழந்தையின் சட்டையைத் துவைத்து முடிப்பதற்குள் குழந்தை வளர்ந்து, சட்டை பத்தாமல் போய்விடும்.

புது வீட்டை நீ இன்னும் பார்க்கவில்லை. அனுப்பிய போட்டோவில் நீ பார்த்தது வீட்டின் முன்னால் நின்ற நன்கொடையாளர்களை. வீடு அவர்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே சொல்கிறேன்.

தாழ்வான பகுதியில் இருந்த நம் பழைய வீடு போன வெள்ளத்தில் கரைந்த பிறகு, அறக்கட்டளைக்காரர்கள் மேட்டில் இடம் வாங்கி வீடு கட்டித் தருகிறார்கள். முதல் வரிசை முடிந்துவிட்டது. குலுக்கலில் நமக்கு அதில் விழுந்தது. இரண்டாவது வரிசை இன்னும் வரைபடத்தில்தான் நிற்கிறது. நல்ல வீடு, குறை சொல்ல மாட்டேன். இடுப்பு உயரத்துக்கு அடித்தளம், சுவருக்குள் கம்பி, கூரைத் தகடு பறக்காமல் இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வீடு முழுவதையும் எந்தப் புயலும் அசைக்காதபடி கட்ட அவர்களிடம் பணம் இல்லை. அதனால் நடுவில் ஓர் அறையை மட்டும் அப்படிக் கட்டினார்கள். நாலு பக்கமும் தலைக்கு மேலும் காங்கிரீட், கைக்குட்டை அளவுக்கு ஒரு ஜன்னல், உள்பக்கம் திறக்கிற கனத்த கதவு. மற்ற அறைகள் நாம் வாழ்வதற்கு, அந்த அறை நாம் சாகாமல் இருப்பதற்கு. அறக்கட்டளை வைத்த பெயர் காப்பறை. தெரு வைத்த பெயர் லாக்கர்.

இரண்டாவது வரிசை எழும்பும் வரை, ஒரு காப்பறை இரண்டு குடும்பத்துக்குப் பொது. நமக்கு ஜோடி யார் தெரியுமா? நீ அத்தை, அத்தை என்று காலைச் சுற்றிக்கொண்டு கிடப்பாயே, அந்தத் தையல்காரம்மாதான். பழைய இடத்திலும் பக்கத்து வீடு, இங்கேயும் நமக்கு நேர் பின்னால். குலுக்கலில் அவளுக்கு இரண்டாவது வரிசை விழுந்தது. அதுவரை அவளும், டெம்போ ஓட்டுகிற அவள் வீட்டுக்காரரும் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். நீ கிளம்பும்போது பாஸ்போர்ட் வைக்க உள்பக்கம் மறைவாக ஒரு பை வைத்து உனக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாளே, அதே மிஷின், அதே கடகட சத்தம். "தம்பி அந்தச் சட்டையப் போடுறானா, இல்ல அங்க போய்க் கோட்டு சூட்டுக்கு மாறிட்டானா"ன்னு கேட்டாள். போடுகிறான் என்று சொல்லியிருக்கிறேன். போடு.

காப்பறைக் கதவில் பச்சைப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள்: 'இந்த அறை இரண்டு குடும்பங்களுக்கானது. எப்போதும் காலியாக வைத்திருக்கவும்.' ஒரு பிழையும் இல்லை, பார்த்துவிட்டேன். அம்மா அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. காலி அறை என்பது பணக்காரர்களுக்குப் புரிகிற விஷயம். ஊரிலேயே உறுதியான அறையில் ஒன்றும் வைக்காதே, சாமான்களையெல்லாம் கூடத்தில் வை என்றால் யார் கேட்பார்கள்? தெருவில் எல்லார் லாக்கரும் நிறைந்துதான் இருக்கிறது. கோடி வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளை அதற்குள் நிறுத்திவிட்டு வெளியே படுக்கிறார். நம் லாக்கரில் நீ அனுப்பிய டிவி, இரண்டு பெரிய சூட்கேஸ், இப்போது வாஷிங் மெஷின். மிச்ச இடத்தில் இரண்டு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம்.

மாதம் ஒரு முறை அறக்கட்டளைப் பொறியாளர் சோதனைக்கு வருவார். எதைக் கண்டாலும் டேப் எடுத்து அளப்பதால் அவருக்கு டேப் என்றே பெயர். அவர் தெருமுனையில் இறங்கினால் போதும், பின்வாசல் வழியாகச் சாமான்கள் தையல்காரம்மாவின் கொட்டகைக்குப் போய்விடும். அவள் வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடிப்பார், நான் மறுபக்கம் பிடிப்பதாகப் பாவனை செய்வேன். அந்தக் கொட்டகையில் அவர்கள் இரண்டு பேருக்கும் மிஷினுக்குமே இடம் பத்தாது. இருந்தாலும் கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டு இடம் பண்ணித் தருவாள். "சோதனை முடியுற வரைக்கும் நாங்க நின்னுக்கிறோம் அண்ணே. உக்காந்தே தைக்கிறவளுக்கு நிக்கிறதும் நல்லதுதான்" என்பாள். டேப் வந்து காலி அறையைப் பார்த்து மகிழ்ந்து, அளந்துவிட்டுப் போவார்.

மெஷின் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாலு பக்கமும் எச்சரிக்கைகள். ஈரம் படாமல் வைக்கவும், அம்புக்குறி மேல்நோக்கி இருக்கட்டும், மேலே பாரம் வைக்காதீர்கள். நல்ல அச்சு, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அம்மா அதன் மேல் போர்வைகளை அடுக்கப் போனாள். படித்துக் காட்டித் தடுத்துவிட்டேன்.

ஃப்ரிட்ஜும் அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். அனுப்பு. இடம் பண்ணிக்கொள்ளலாம். இடம் என்பது மனசு வைத்தால் வருவதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு எல்லா நலமும் வர வாழ்த்துகிறேன்.

அன்புடன்,
அப்பா

*

அன்பு மகனுக்கு,

முதலில் நல்ல செய்தி. நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். போன் கோபுரம் சாய்ந்து கிடப்பதால் உன்னால் பேச முடியாமல் தவித்திருப்பாய். இந்தக் கடிதத்தை வெளியூர் போகிற அறக்கட்டளை வண்டியில் கொடுத்து அனுப்புகிறேன். புயல் வந்தது, போய்விட்டது. வீடு நின்றது. கூரைத் தகட்டில் ஒன்றுகூட அசையவில்லை. காப்பறைக்குள் இருந்தபோது வெளியே உலகத்தைப் பிய்த்துப் போடுகிற சத்தம் கேட்டது, உள்ளே சுவரில் தூசுகூட உதிரவில்லை. கட்டியவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வாஷிங் மெஷினுக்குக் கீறல்கூட இல்லை. டிவியும் பத்திரம்.

இரண்டாவது வரிசைக்காரர்களின் கொட்டகைகள் ஒன்றும் மிஞ்சவில்லை. முக்கால்வாசிப் பேர் முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால் உயிருக்குச் சேதம் இல்லை. தையல்காரம்மாவும் அவள் வீட்டுக்காரரும் இப்போது நம் கூடத்தில்தான் தங்கியிருக்கிறார்கள். வேறு எங்கே போவார்கள்? அவளுக்குக் கையில் சிறு காயம். மருத்துவமனையில் தையல் போட்டு அனுப்பினார்கள். அவள் மிஷின் நன்றாக இருக்கிறது.

அம்மா இரண்டு நாளாக முழங்காலைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் கவலை.

அறக்கட்டளையின் இயக்குநர் அம்மா வந்திருந்தார். பக்கத்து வீட்டாருக்கு இடம் கொடுத்த என் பெருந்தன்மையைப் பாராட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

கரண்ட் வந்ததும் விவரமாக எழுதுகிறேன். ஃப்ரிட்ஜை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
அப்பா

*

அன்பு மகனுக்கு,

நேற்று நீ போனில் அத்தையிடம் கொடுங்கள் என்றாய். அவள் கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். "பொய்யச் சொல்றப்ப கண்ணாடியக் கழட்டிடுறீங்க அண்ணே" என்று பிறகு சொன்னாள். உன்னிடம் பேசினால் அழுகை வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். அவள் என்ன சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம். இரண்டு பயமும் சேர்ந்து அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டன.

போன கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது. 'சிறு காயம்' என்று எழுதியிருந்தேன். 'சிறு' என்பதை அடித்துவிட்டுப் படி. வலது கை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கவில்லை. உள்ளே நரம்பு அறுந்ததைச் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் பழையபடி வருமா என்று கேட்டால் டாக்டர் "பாக்கலாம்" என்கிறார். டாக்டர்கள் "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். ஊசியில் நூல் கோக்கிற இரண்டு விரல் அவை.

எப்படி நடந்தது என்பதை எழுதிவிடுகிறேன். அம்மாவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்று பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், ஒருவரும் அதைப் பேசுவதில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்காரர் தெருவில் உள்ள வயதானவர்களை டெம்போவில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். நம் லாக்கர் இருக்கிறதே என்ற தைரியத்தில் அவளை இங்கேயே விட்டிருந்தார். மதியம் காற்று திரும்பியதும் நானும் அம்மாவும் காப்பறைக்குள் போய்விட்டோம். அம்மா சூட்கேஸ் மேல், நான் தரையில், நடுவில் உன் மெஷின்.

கதவை மூடுவதற்கு முன்னால் அவள் வந்தாள். இடுப்பில் குழந்தையை வைப்பது போலத் தையல் மிஷினின் தலைப்பகுதியைப் பாலிதீனில் சுற்றி வைத்திருந்தாள். நனைந்து, சிரித்துக்கொண்டு. மேசையையும் மிதிகட்டையையும் விட்டுவிட்டு, அந்த இரும்பை மட்டும் கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே பார்த்தாள். தரையில் அவள் உட்காரலாம், மிஷினை வைக்க இடமில்லை. "அண்ணே, இத அந்தப் பெட்டி மேல வச்சுக்கிறேனே" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெட்டி மேல எதுவும் வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கேம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பாள். நானும் சிரித்தேன். ஆனால் நகரவில்லை. "நீ உள்ள வா. மிஷினப் போய் உன் கட்டில் அடியில தள்ளி வச்சிட்டு ஓடி வந்துரு. இரும்புதானே, அதுக்கு என்ன ஆகப்போவுது" என்றும் சொன்னேன். நல்ல யோசனை சொல்கிற குரலில்தான் சொன்னேன். அந்தக் குரல் எனக்கு எப்போதும் கைவசம் இருக்கிறது.

அம்மா, "வச்சுக்கட்டுமேங்க" என்றாள். நான் பெட்டியில் அச்சிட்டிருந்ததை அவளுக்குக் கையால் சுட்டிக் காட்டினேன்.

நூலும் தாளுமாக வாழ்ந்தவன் செய்கிற தப்பு இது. கதவில் எழுதியிருந்ததை மாதக்கணக்கில் காலண்டருக்குப் பின்னால் வைத்திருந்தேன். அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததற்கு மட்டும் கீழ்ப்படிந்தேன். ஒருவேளை கதவில் கையால் எழுதியிருந்தார்கள், பெட்டியில் அச்சடித்திருந்தார்கள் என்பதாலோ என்னவோ. இதற்குமேல் எனக்குச் சாக்கு கிடைக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

"சரிண்ணே, இந்தா வந்துர்றேன்" என்று போனாள். மிஷினைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டாள். வெளியே வந்து நம் பின்வாசல் பக்கம் ஓடி வரும்போது அவளுடைய கூரைத் தகடே அவளைப் பிடித்துவிட்டது. முகத்துக்கு வந்ததைக் கையால் தடுத்திருக்கிறாள். அம்மாதான் சத்தம் கேட்டு வெளியே ஓடினாள். முழங்கால் வலிக்காரி ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இழுத்து உள்ளே போட்டோம். உன் மெஷினில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் ஒரு பக்கம் முழுக்க ரத்தம். "ஐயோ, பெட்டி அழுக்காயிருச்சேக்கா" என்றாள் அம்மாவிடம்.

கொட்டகை விழுந்தது. மறுநாள் தகரத்தைத் தூக்கிப் பார்த்தால், கட்டிலுக்கு அடியில் அவளுடைய மிஷின் அப்படியே இருந்தது. ஆக, இரண்டு மிஷினுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைக் கொண்டுவந்து காப்பறையில் உன் மெஷின் பெட்டி மேல் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அட்டை நசுங்கவில்லை.

அடுத்த வாரம் டேப் வந்தார். சாமான்களை ஒளித்து வைக்க இந்த முறை கொட்டகை இல்லை. அம்மா தையல் மிஷினுக்கு அடியில் பெட்டி மேல் ஒரு போர்வையை நுழைத்துத் தொங்கவிட்டு மேசை என்றாள். அவர் போர்வையைத் தொடவில்லை. வழக்கம் போல டேப்பை எடுத்தார், மேசையின் நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார். "இந்த எடத்துல மூணு பேர் உக்காரலாம்" என்றார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கன்னத்தில் ரெண்டு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதன் பிறகு வந்தது விழா. இரண்டாவது வரிசைக்குப் பணம் தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய நன்கொடையாளர்கள் வருகிறார்கள் என்றும், காப்பறை வேலை செய்தது என்று யாராவது பயனாளி அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றும் இயக்குநர் அம்மா சொன்னார். தெருவில் சரளமாகப் பேசக்கூடியவன் நான்தான். அவர்களுக்காக ஒரு சின்னப் பிரசுரமும் தயார் செய்திருந்தார். "நீங்க அச்சகத்துல இருந்தவராச்சே, ஒரு தடவ பாத்துக் குடுங்க" என்று என் கையில் கொடுத்தார். அதில் என் போட்டோ இருந்தது. கீழே: 'இவருடைய காப்பறையில் இரண்டு குடும்பங்கள் புயலின்போது பத்திரமாகத் தங்கின.'

பார்த்துக் கொடுத்தேன். இரண்டு எழுத்துப் பிழை, ஒரு காற்புள்ளி. அந்த வாக்கியத்தில் இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் தையல்காரம்மாவிடம் போய், நடந்ததை மேடையில் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். பெரிய மனுஷத்தனமாகத்தான் சொன்னேன். கண் கொஞ்சம் கலங்கியும் இருந்தது. அவள் இடது கையால் காய் நறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"சொன்னா என்ன ஆகும் அண்ணே?"

லாக்கரையெல்லாம் குடோனாக வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பணம் வராமல் போகலாம் என்றேன்.

"அப்ப யாரு வீடு நிக்கும்?"

அவள் அடுத்த காயை எடுத்தாள்.

"உங்க மனசு லேசாகணும்னு என் வீட்டக் கேக்குறீங்களா? நல்லா இருக்கே கத. என் கை போனதுதான் போச்சு, கூரையும் போகணுமா? பேசாமப் போய் நல்லாப் பொய் சொல்லுங்க. வாய்க்குள்ள முழுங்கி முழுங்கிச் சொல்லாம, சத்தமாச் சொல்லுங்க. வீடு கட்டி முடிக்கட்டும். அப்புறம் மைக் வச்சு ஊருக்கே சொல்லுங்க, நானே வந்து முன்னாடி உக்காந்து கேக்குறேன்."

அவள் வீட்டுக்காரர் வாசலில் டெம்போவைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

ஆகவே சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். அன்று உன் வாஷிங் மெஷின், மேலே தையல் மிஷினும் பக்கத்தில் டிவியும் சூட்கேஸ்களுமாக, அவருடைய டெம்போவில் ஏறி, விழா முடியும் வரை ஊரைச் சுற்றிப் பார்த்தது. மனைவியின் ரத்தக் கறை படிந்த பெட்டியை ஏற்றிக்கொண்டு அவர் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தினால் யாராவது என்ன சாமான் என்று கேட்பார்களாம். இங்கே காலி அறையில் இரண்டு குடும்பத்தையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். டெம்போக்காரர் எங்கே என்று கேட்டார்கள். சவாரி போயிருக்கிறார் என்றேன். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு. காலண்டரை அன்றைக்கு அம்மா எடுத்துவிட்டிருந்தாள். கதவில் இருந்ததை ஒரு நன்கொடையாளர் வாய்விட்டுப் படித்து, "ரொம்ப அழகா எழுதிருக்கீங்க" என்று இயக்குநர் அம்மாவைப் பாராட்டினார்.

எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். 'சிறந்த பயனாளி.' தையல்காரம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். வலது கையைத் தட்ட முடியாது என்பதால் இடது கையால் தன் தொடையில் தட்டினாள். அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. அவள் கேலிக்குத்தான் தட்டினாள் என்று வைத்துக்கொண்டால் கொஞ்சம் தூக்கம் வருகிறது. நிஜமாகத்தான் தட்டினாள் என்று அம்மா சொல்கிறாள்.

பணம் வந்துவிட்டது. போன திங்கட்கிழமை இரண்டாவது வரிசைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். டேப் எல்லோரையும் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினார். காப்பறைக்குள் தலைக்கு மேல் மூன்று பக்கமும் காங்கிரீட்டில் பரண் போட்டிருந்தார். எதற்கு என்று இயக்குநர் அம்மா கேட்டார். "ரூல் போட்டுப் பாத்தேன் மேடம். இனிமே பரண் போட்டுப் பாக்குறேன்" என்றார் டேப். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். தரையாவது ஆட்களுக்கு மிஞ்சும் என்பது அவர் கணக்கு.

தையல்காரம்மா வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். மிஷின் தலையை வைக்கப் பரண் தாங்குமா என்று கேட்டாள். மிஷின் என்ன, யானையை ஏற்றினாலும் தாங்கும் என்றார் டேப். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப அடுத்த புயலுக்கு உங்க பெட்டியவும் கொண்டாந்துருங்க அண்ணே. எடம் இருக்கும்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. எவ்வளவு தேடியும் அதில் குத்தலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கூரை போட்டு அவள் குடி போனதும் இயக்குநர் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன். கூரை போட இன்னும் பல மாதம் ஆகும் என்பது எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது. அதையும் உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

மெஷினை நீ அனுப்பியதில் ஒரு தப்பும் இல்லை. அப்படி நினைத்து மனசைக் குழப்பிக்கொள்ளாதே. ஆசையாக அனுப்பினாய். அதைப் பிரித்துப் பயன்படுத்தலாம் என்று அம்மா இப்போது சொல்கிறாள். ஒற்றைக் கையால் துணி பிழிய முடியாது என்பதைத் தினமும் அவள் கண்ணால் பார்க்கிறாள். ஆனால் பிரிக்க வேண்டுமென்றால் மேலே இருக்கிற தையல் மிஷினை முதலில் இறக்க வேண்டும். இறக்கினால் எங்கே வைப்பது, யார் உட்கார்ந்து தைப்பது என்று பேச்சு வரும். அதனால் ஒருவரும் தொடவில்லை. அவள் மட்டும் காலையில் போய் இடது கையால் அதைத் துடைத்து, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறாள். துரு பிடித்துவிடுமாம்.

இனி ஒன்றும் அனுப்பாதே, ஃப்ரிட்ஜும் வேண்டாம். லீவு கிடைத்தால் நீ வா. சாமான் இல்லாமல் வா.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சட்டை, உள்ளே பை வைத்துத் தைத்தது, இருக்கிறதா? இருந்தால் எடுத்து வா. எங்காவது தையல் விட்டிருந்தால் அங்கே யாரிடமும் கொடுத்துச் சரிசெய்யாதே. விட்டிருக்காவிட்டால், வருகிற வழியில் நீயே கொஞ்சம் பிரித்துவிடு. கொண்டுவந்து அவளிடம் கொடு. "வேற யாருகிட்டயும் குடுக்க மனசு வரல அத்தை"ன்னு சொல். பொய்தான். நம் குடும்பத்துக்கு அது வராதது இல்லை. அவள் கையைக் காட்டுவாள். பரவாயில்லை, மெதுவாகத் தை, நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார். ஊசியில் நூலை நான் கோத்துத் தருகிறேன். எவ்வளவு நேரமானாலும் எழுந்துவிடாதே.

உனக்குக் கையும் காலும் நன்றாக இருக்க வேண்டும், மகனே.

அன்புடன்,
அப்பா